புளியமரத்தடிப் பந்துகள்

"உங்களுக்கு இது போதும்" என்று யாராவது சொல்லிவிட்டால் அருணாதேவி டீச்சரின் காது இரண்டும் சிவந்துவிடும். துணிக்கடையில் சொன்னாலும் அப்படித்தான், கல்யாணப் பந்தியில் சொன்னாலும் அப்படித்தான். ஒரு பந்தியில் வடை பரிமாறியவர் வாய் தவறி அதைச் சொல்லப் போய், வடைத் தட்டையே டீச்சர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடியதாகக் கதை உண்டு. பாதியாவது நிஜமாக இருக்கும்.

வேங்கிக்கால் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் பி.டி. டீச்சர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணவர் கலையரசன் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். பரம சாது. வீட்டில் எந்தச் சண்டையாக இருந்தாலும் கடைசி வார்த்தை தன்னுடையதுதான் என்பார். அந்தக் கடைசி வார்த்தை "சரி."

டீச்சரின் காது முதன்முதலில் சிவந்த நாளைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. அவள் பிறந்தது அடி அண்ணாமலையில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில். பதினேழு வயதில் வட்டு எறிதலில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்குப் பெயர் வந்தது. போட்டி நடந்தது கார்த்திகை தீப வாரத்தில். தீபம் என்றால் அடி அண்ணாமலையில் எந்த வீட்டிலும் கால் வைக்க இடமிருக்காது. எட்டு ஊர் உறவும் வந்து இறங்கிவிடும். அவள் அப்பா ராமகிருஷ்ணன் விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னார்: "சாமி தீபத்த உட்டுட்டு தட்டு எறியப் போவாளாம். ஜில்லா வரைக்கும் எறிஞ்சல்ல? உனக்கு அது போதும்."

அவள் போகவில்லை. அந்த வாரம் முழுக்க இட்லி மாவு ஆட்டினாள். மலை உச்சியில் தீபம் ஏறி ஊரே அரோகரா என்று கத்தியபோது, அவள் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். கோபம் அப்பா மேல் பாதி, மலை மேல் பாதி. அப்பா மேலிருந்த பாதி காலப்போக்கில் ஆறிவிட்டது. மலை மேலிருந்தது ஆறவே இல்லை. அன்றிலிருந்து அவள் மலையோடு பேசுவதெல்லாம் பங்காளியோடு பேசுகிற பேச்சு. காலையில் ஸ்கூட்டியை எடுக்கும்போது அண்ணாந்து பார்த்து, "இன்னா, சொகமா இருக்கியா? இருப்ப, இருப்ப," என்பாள்.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, காபிக் கடைகளும் வாடகை அறைகளும் முடிகிற இடத்தில் ஒரு மண்பாதை பிரிகிறது. அதன் கடைசியில் இருந்த மல்லாட்டைக் கொல்லையைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கி கோல்ஃப் பயிற்சித் திடலாக ஆக்கினார். முழு மைதானமெல்லாம் இல்லை. ஒரு தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகப் பச்சைப் பாய்கள், எதிரே தூரம் எழுதிய பலகைகள், கடைசியில் உயரமான வலை. பாயில் நின்று பந்தை அடிக்க வேண்டியது, அது எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டியது. முதலாளி ரசனைக்காரர். நடுவில் ஊன்றிய இரண்டு கொடிகளுக்கு நேர் பின்னால் மலை உச்சி தெரிகிற மாதிரித் திடலை அமைத்தார். படம் பிடித்துப் பலகையில் போட்டார். பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்கு வருகிற வண்டிகளால் அந்தத் திடல் வாகன நிறுத்தமாகிவிடும் என்பது மட்டும் படத்தில் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை இலவசம் என்று திடல் திறந்த புதிதில் அறிவித்தார்கள். டீச்சர் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிப் போனாள். மூன்றாவது வாரம் பெண்கள் வரவில்லை. டீச்சர் வந்தாள். அதற்குப் பிறகு எல்லா வாரமும் வந்தாள், சுடிதாருக்கு மேல் பள்ளி ட்ராக் சட்டையைப் போட்டுக்கொண்டு.

கோல்ஃபில் பல மட்டைகள் உண்டு. அதில் நீளமானது, பருத்த தலை உள்ளது, முதல் அடியில் பந்தை முடிந்த மட்டும் தூரத் துரத்துவதற்கென்றே இருப்பது டிரைவர். டீச்சரிடம் இருந்த கறுப்பு டிரைவர், ஊரைவிட்டுப் போன டச்சுக்காரர் ஒருவர் திடலில் விட்டுப்போனது. ஆண்களுக்கானது. தண்டு விறைப்பு, லேசில் வளையாது. வட்டு எறிந்த இடுப்பும் தோளும் அதைச் சுழற்றினால், பந்து கிளம்புகிற சத்தத்தில் பக்கத்துப் பாய்க்காரர் தன் பந்தை மறந்து திரும்பிப் பார்ப்பார்.

ஒரே ஒரு தொல்லை. அவள் பந்து கொடிகளுக்கு நடுவே விழுவதில்லை. வலப்பக்கமாகப் போய்ப் புளியமரத்தடியில் விழும். நூறு அடித்தால் தொண்ணூறு புளியமரத்தடிதான். பந்து பொறுக்குகிற ராஜம்மாள் ஒருநாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "வெளியூர்க்காரங்க பந்து பூரா நடுவுல கெடக்குது. நம்ம ஊர்ப் பந்து மட்டும் வேண்டுதல் மாதிரி புளியமரத்துக்கே போவுது. இன்னா டீச்சரம்மா, மரத்துல ஏதாச்சும் இருக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஐப்பசியில் அந்த அறிவிப்பு வந்தது. சென்னையில் பந்தைத் தூரம் அடிக்கும் போட்டி. ஒவ்வொரு திடலும் ஓர் ஆளை அனுப்பலாம். ஆணா பெண்ணா என்ற பேதமில்லை. பந்து இரண்டு கொடிகளுக்கு நடுவில் விழ வேண்டும், அதில் யார் அதிக தூரமோ அவர் போகலாம். திடலின் மேலாளர் பாலாஜி எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாக டீச்சரிடம் வந்தான்.

"போட்டி தீப வாரத்துல வருது டீச்சர். உங்க வீட்ல விருந்தாளிங்க நெறைய இருப்பாங்க. அதான் உங்கள கேக்கல. உங்களுக்கு இங்க வந்து அடிக்கறதே போதும்ல?"

பாவம், அவனுக்கு மாட்டுக்கொட்டகைக் கதை தெரியாது. அதே வாரம். அதே வார்த்தை. டீச்சரின் காது மல்லாட்டைத் தோல் நிறத்துக்கு வந்தது.

"நான் அடிக்கறேன்," என்றாள். "நான்தான் போறேன். எழுதி வச்சுக்கோங்க."

ஆளைத் தேர்ந்தெடுக்க உதவட்டும் என்று முதலாளி சென்னையிலிருந்து சுரேஷ்குமார் என்ற இளைஞனை இரண்டு நாளைக்கு அனுப்பினார். யார் எப்படி வீசுகிறார் என்று பார்த்து அவரவருக்கு ஏற்ற டிரைவரைச் சொல்வது அவன் தொழில். கார் டிக்கியைத் திறந்தால் விதவிதமான டிரைவர்கள். கூடவே ஒரு சின்னப் பெட்டி, அடித்த பந்தின் வேகம், உயரம், திசை எல்லாவற்றையும் திரையில் காட்டுகிற கருவி. தொழில் தெரிந்த பையன், அதில் சந்தேகமில்லை. அரிசி ஆலை அப்பாசாமி அவசரமே இல்லாமல், சாப்பிட்டுக் கை கழுவுகிற மாதிரி வீசுவார். அவருக்கு லேசான தண்டும் முகம் சற்று மேல்நோக்கிய தலையும் உள்ள டிரைவரைக் கொடுத்தான். "மெதுவா வீசறவங்களுக்கு வளையற தண்டு நல்லது சார். கடைசில அது சுண்டி விடும்." அப்பாசாமியின் பந்து அன்றுதான் முதன்முதலாக ஆகாயத்தைப் பார்த்தது. பல் டாக்டர் மதிவதனியின் வீச்சு நிதானமானது, அழகானது. பெண்களுக்கென்று செய்த டிரைவர் அவள் கையில் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போலப் பொருந்தியது.

ஆனால் இருவருக்குமே ஒன்றைச் சேர்த்துச் செய்தான். அவர்கள் பந்தும் வலப்பக்கம் போனதால், இடது பக்கம் வளைத்துவிடுகிற மாதிரித் தலையின் உள்பக்கத்தில் எடையை ஏற்றினான். "இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே வியாதியா இருக்கே!" என்று சிரித்தான்.

டீச்சர் முறை வந்தது. கறுப்பு டிரைவரால் ஐந்து பந்து அடித்தாள். திரையைப் பார்த்த சுரேஷ்குமாரின் புருவம் மேலே போனது.

"வேகம் ஜாஸ்தி மேடம். இங்க யாருக்கும் இந்த வேகம் இல்ல. ஆனா அஞ்சும் வலப்பக்கம். கொடிக்குள்ள விழலன்னா எவ்ளோ தூரம் போயும் கணக்குல வராது. தண்டு விறைப்பா இருக்கறதால மட்டையோட முகம் லேட்டா திரும்புதுன்னு நெனக்கறேன். லேடீஸ் டிரைவர்ல அடிச்சுப் பாருங்க, இடது பக்கம் வந்துடும்."

"தூரம்?"

"தூரம் கம்மியாகும்."

"எனக்குத் தூரந்தான் தம்பி வேணும்."

பாலாஜிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மட்டை மேல பழி போடாதீங்க டீச்சர். லேடீஸுக்குன்னு செஞ்சத எடுத்து அடிங்க, உங்களுக்கு அது…"

"சொல்லாத," என்றாள் டீச்சர். அதுவரை அவனை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடுவாள்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை. மதிவதனிக்கு அந்த மட்டை பொருந்தினால் பொருந்தட்டும், நல்லது. ஆனால் வீச்சைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கொடுத்தால் என்ன நியாயம்? செருப்புக் கடைக்காரன்கூடப் பாதத்தை அளந்துதான் கொடுக்கிறான். சாதம் போட்டபடியே இதைக் கலையரசனிடம் கத்தினாள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு "சரி" என்றார்.

மறுநாள் பௌர்ணமி. மத்தியானம் வண்டிகள் வந்துவிடும், அதற்குள் தேர்வை முடிக்க வேண்டும். டீச்சர் விடிந்ததும் வந்து நின்றாள். "உங்க கார்ல இருக்கற எல்லாத்தையும் எடுத்து வைங்க தம்பி. எது என் வீச்சுக்கு ஆகும்னு நானே பாக்கறேன்."

சுரேஷ்குமார் சலித்துக்கொள்ளாமல் எடுத்து வைத்தான். முதலில் அகலத் தலை. கொஞ்சம் தப்பி அடித்தாலும் மன்னித்துவிடுகிற ரகம். பந்து உயர எழும்பிப் போய்ப் புளியமரத்தடியில் விழுந்தது. அடுத்தது சின்னத் தலை, பந்தைச் சுழலவிடாமல் தாழ்வாக ஓடவைக்கிற ரகம். பந்து தரையைத் தொட்டு நெடுந்தூரம் உருண்டு, மரத்தைத் தாண்டி நின்றது. அடுத்தது நடுத்தர விறைப்பு. அதற்கு அவள் வீச்சைச் சற்று நிதானப்படுத்தினாள். பந்து மெத்தென்று கிளம்பி, மெத்தென்று அதே மரத்தடிக்குப் போனது. உயரம் மாறியது, சத்தம் மாறியது, தூரம் மாறியது. விழுந்த பக்கம் மாறவில்லை.

சுரேஷ்குமார் தலையைச் சொறிந்தான். "தண்டு மாறினா தெசை கொஞ்சமாவது மாறணும் மேடம். துளிகூட மாறல. நேத்து நான் சொன்னது தப்பு. இது டிரைவர் கோளாறு இல்ல."

"அப்ப என் கோளாறா?"

"தெரியல. ஒரே ஒரு தடவை லேடீஸ்ல அடிங்க. எனக்காக."

அவன் நேர்மையாகக் கேட்டதால் அவள் எடுத்தாள். சோளத்தட்டை மாதிரி இருந்தது கையில். கோபத்தையெல்லாம் சேர்த்து வீசினாள். பந்து வழக்கம்போல் புளியமரத்தை நோக்கித்தான் கிளம்பியது. அவள் வேகத்துக்குத் தண்டு நெளிந்து, தலை முந்திக்கொண்டு இடப்பக்கம் திரும்பிவிட்டதால், பாதி வழியில் பந்து இடது பக்கம் வளைய ஆரம்பித்தது. வளைந்து, வளைந்து, நேராக மலை உச்சியைப் பார்க்கப் போனது. இரண்டு கொடிகளுக்கும் நட்டநடுவில் விழுந்தது. மதிவதனி கை தட்டினாள். பாலாஜி விசில் அடித்தான்.

டீச்சரின் கையிலிருந்து மட்டை நழுவிக் கீழே விழுந்தது. அவள் இரண்டு கையாலும் கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டு, "ஐயோ அப்பனே, மன்னிச்சுக்கோ," என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. கை கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"தம்பி," என்றாள் மெதுவாக. "என் கால் எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்குது, பாருங்க."

சுரேஷ்குமார் ஒரு நீளக் குச்சியை எடுத்து அவள் இரண்டு ஷூ நுனியையும் ஒட்டிப் பாயில் வைத்தான். குச்சி காட்டியது கொடியை அல்ல, புளியமரத்தை. அப்பாசாமியை நிற்கச் சொன்னான். புளியமரம். மதிவதனியை நிற்கச் சொன்னான். புளியமரம்.

"மொத நாளே பாத்திருக்கணும்," என்றான் அவன். "எல்லாரும் ஒரே மாதிரி நின்னதால தப்பாவே தெரியல. ஏன் இப்படி நிக்கறீங்க?"

மதிவதனி யோசித்தாள். "நான் நெனச்சு நின்னதில்ல. கால் தானா திரும்பிடுது."

அப்பாசாமிக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அது எப்படிங்க நேரா நிக்கறது? மலையே லிங்கம். அது மேலயா பந்து அடிப்பாங்க?" என்றார், சோற்றில் கல் கிடந்தால் எடுத்துப் போடமாட்டார்களா என்று கேட்கிற குரலில்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இருபத்தைந்து வருஷமாக மலையை முறைத்துக்கொண்டே இருக்கிறாள். போட்டிக்குப் போகவிடாமல் கெடுத்தவன் என்று திட்டியிருக்கிறாள். அவன் மேல் ஒரு பந்து படக்கூடாதென்று அவளுடைய கால் மட்டும் அவளைக் கேட்காமலே விலகி நின்றிருக்கிறது. அவளுக்குத் தன் காலின் மேலேயே கோபம் வந்தது. அந்தக் காலைக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

"காரணம் தெரிஞ்சுடுச்சுல்ல மேடம்," என்றான் சுரேஷ்குமார். "இப்ப உங்க கறுப்பு டிரைவர எடுத்து, கொடியப் பாத்து நில்லுங்க. நேரா போகும்."

"மாட்டேன்."

"ஒரே ஒரு பந்து…"

"மாட்டேன்னா மாட்டேன். அவனுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். அதுக்காக மூஞ்சில அடிப்பனா?"

பாலாஜி இடையில் புகுந்தான். "டீச்சர், லேடீஸ்ல அடிச்ச பந்து கொடிக்குள்ளதான் விழுந்திருக்கு. நூத்தி எழுபத்தஞ்சு யார்டு. அப்பாசாமி சார் நூத்தி அறுபது, டாக்டர் அதுக்கும் கம்மி. உங்க பேரே கொடுத்துடறேன், பிரச்சினை முடிஞ்சுது. அந்த மட்டையோடவே சென்னைக்குப் போங்க."

கிடைத்துவிட்டது. அவள் கேட்ட இடம் கைக்கு வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். வேறு யாராக இருந்தாலும் ஆட்டியிருப்பார்கள், நானும் ஆட்டியிருப்பேன்.

"அது என் அடி இல்ல," என்றாள் டீச்சர். "வேற பக்கம் பாத்து நின்னு, தப்பான மட்டையில அடிச்சு, ரெண்டு தப்பும் சேந்து சரியா விழுந்த பந்து அது. அத வச்சுக்கிட்டு நான் எங்கயும் போகமாட்டேன். என் மட்டையில, என் வீச்சுல, நேரா அடிச்சுட்டுத்தான் போவேன்."

"மலையப் பாத்தும் அடிக்கமாட்டேன்றீங்க, நேராவும் அடிக்கணும்றீங்க. திடலத் தூக்கித் திருப்பியா வைக்க முடியும்?"

"திடல எதுக்குத் திருப்பணும்?" டீச்சர் கறுப்பு டிரைவரை எடுத்தாள். "நான் அந்தக் கோடிக்குப் போறேன்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவள் புல்லில் இறங்கி, பலகைகளைத் தாண்டி, வலை கட்டிய மறுகோடியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கிருந்து மலைக்கு எதிர்ப்பக்கமாக, கூரையை நோக்கி அடிக்கப் போகிறாள் என்று புரிந்ததும் சுரேஷ்குமார் கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அப்பாசாமி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போய், கொடிகளுக்கு இருந்த அதே இடைவெளியில் தகரக் கூரைக்கு முன்னால் போட்டார். மதிவதனி ராஜம்மாளைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்துப் போனாள். பாலாஜி மட்டும் கூரைக்கடியில் நின்று கத்தினான்.

"டீச்சர்! கம்ப்யூட்டர் இருக்குது! முதலாளி என்னக் கொன்னுடுவார்! வண்டியெல்லாம் வர ஆரம்பிச்சுடுச்சு டீச்சர்!"

நிஜம்தான். வாசலில் முதல் வேன் வந்து ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது.

"நிறுத்தி வைங்க!" என்று மறுகோடியிலிருந்து குரல் வந்தது. காலை அணிவகுப்பில் ஆயிரம் பெண்களை மைக் இல்லாமல் நிற்கவைக்கிற குரல். வேன் தானாகவே நின்றது.

டீச்சர் பந்தை வைத்தாள். மலைக்கு முகமும் காட்டாமல் முதுகும் காட்டாமல் பக்கவாட்டில் நின்றாள். சுரேஷ்குமார் குச்சியை அவள் காலடியில் வைத்துப் பார்த்தான். அது நாற்காலிகளின் நடுவைக் காட்டியது. நூல் பிடித்த மாதிரி.

அவள் வீசினாள். பின்னால் யாரும் இல்லாத மாதிரி, முன்னால் யாரும் இல்லாத மாதிரி வீசினாள். பதினேழு வயதில் வட்டு கையைவிட்டுப் போகும்போது இருந்த அதே லேசு உடம்பில் வந்தது. பந்து வலதும் போகவில்லை, இடதும் போகவில்லை. திடலின் நடுக்கோட்டின் மேலேயே பறந்து வந்து, காய்ந்த தரையில் குதித்து, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, கூரைக்கடியில் ஓடி, பாலாஜியின் மேசைக் காலில் "ணங்" என்று முட்டி நின்றது. மேசைக்கு அடியில் பாலாஜி இருந்தான்.

சுரேஷ்குமார் திரையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "இருநூறைத் தாண்டிடுச்சு மேடம். ஒரு கோணலும் இல்ல. உங்களுக்கு எந்த டிரைவரும் வேணாம். இதுதான் உங்களோடது."

பாலாஜி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். முகம் வெளிறியிருந்தது. அவள் திரும்பி நடந்து வரும்வரை காத்திருந்து, பந்தை நீட்டினான்.

"கூடம் கோணல்தான் டீச்சர்," என்றான். பிறகு பழக்கதோஷத்தில், "பேரு கொடுத்துடறேன். ஆனா தீபத்துக்கு வீட்ல விருந்தாளிங்க வருவாங்களே, அவங்களுக்கு யாரு…"

"எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு கை இருக்குது. மாவு ஆட்டறதுக்கு மெஷின் இருக்குது."

"அதுக்கில்ல. தீபம் ஏத்தற அன்னிக்கு ஊர்ல இல்லாம எப்படி…"

வேன்கள் உள்ளே வர ஆரம்பித்திருந்தன. புழுதி எழுந்தது. இறங்கியவர்கள் செருப்பைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். டீச்சரும் திரும்பி மலையைப் பார்த்தாள். கும்பிடவில்லை. டிரைவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எதிர்வீட்டு ஆளிடம் சொல்கிற குரலில் சொன்னாள்:

"பதினோரு நாள் எரியறவன்தானே நீ? எரிஞ்சிட்டிரு. நான் போயிட்டு வந்து பாக்கறேன்."

பாலாஜியிடம் திரும்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் இறங்கவே இல்லை.

"அந்த வருஷமும் பதினோரு நாள்தான் பாலாஜி எரிஞ்சுது. போயிட்டு வந்து பாருன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல."